சேலைக்கடை வாசலில் துப்பாக்கியோடு ஒரு மாமி

நான்கு வருடங்களுக்கு முன்பு, என் மூத்த மகளின் கல்யாணத்துக்கு ஒரு கிழமை இருந்தபோது, பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு சேலைக்கடை வாசலில் இது நடந்தது. சனிக்கிழமை, பட்டப்பகல், நல்ல வெயில். நான் மாம்பழ நிறத்தில் பட்டுச்சேலை உடுத்து, தலை நிறையப் பூவும் கழுத்து நிறைய நகையும் போட்டு, கையில் ஒரு துப்பாக்கியோடு நின்றேன். இப்படிச் சொன்னால் எவருக்கும் சிரிப்பு வரும். நானும் அன்றைக்குச் சிரித்துக்கொண்டுதான் நின்றேன்.

துப்பாக்கி எப்படி என் கைக்கு வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் யாழ்ப்பாணச் சனத்துக்கு இங்கே கல்யாணம் என்றால் தாலியும் ஐயரும் சாப்பாடும் மட்டும் காணாது. மண்டபத்தில் பெரிய திரையில் ஓட ஒரு வீடியோ வேண்டும், அதுவும் சினிமாப் படம் மாதிரி வேண்டும். மாப்பிள்ளை ஹெலிகொப்டரில் வந்து இறங்கிய கல்யாணத்துக்கும் போயிருக்கிறேன். பொம்பிளை புகைக்குள்ளிருந்து தேவதை மாதிரி எழும்பி வந்து, அந்தப் புகை தொண்டையில் ஏறி, ஐயர் வரும்வரைக்கும் இருமிக்கொண்டிருந்த கல்யாணத்துக்கும் போயிருக்கிறேன். எங்களிடம் ஹெலிகொப்டருக்கு வசதி இல்லை. ஆகையால் வீடியோக்காரர் ஒரு கதை யோசித்துக்கொண்டு வந்தார்.

வீடியோக்காரர் என் கணவருக்குத் தூரத்துச் சொந்தம். கமரா கையில் இருந்தால் கடவுளையே கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நிற்கச் சொல்லக்கூடிய ஆள். அவருடைய கதை இதுதான். மாப்பிள்ளை லா சப்பல் வீதியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடந்து வருவார். சேலைக்கடை வாசலில் மாமியார் துப்பாக்கியோடு மறிப்பார். மாப்பிள்ளை பயப்படாமல் ஒரு தட்டில் லட்டை நீட்டுவார். மாமியார் லட்டைச் சாப்பிட்டுவிட்டுத் துப்பாக்கியை இறக்குவார், உள்ளேயிருந்து மகள் வருவாள். எனக்கு நடிக்கத் தெரியாதே என்று நான் இழுத்தேன்.

"அக்கா, நீங்கள் சும்மா முறைச்சுக்கொண்டு நிண்டாலே காணும், மிச்சத்தை மியூசிக் பாத்துக்கொள்ளும்" என்றார் அவர்.

முறைக்கிறது எனக்குக் கைவந்த கலை. நான் வேலை செய்வது ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். அவித்த காரட்டைச் சாப்பிடாத பிள்ளைகளை ஒரு பார்வையால் சாப்பிட வைக்கிற அனுபவம் இருக்கிறது. சரி என்று சம்மதித்துவிட்டேன்.

அந்தத் துப்பாக்கி விளையாட்டுச் சாமான்தான். வீடியோக்காரர் எங்கேயோ இணையத்தில் வாங்கியிருந்தார். ஆனால் பார்த்தால் அசலேதான். கன்னங்கரேலென்று, கையில் பாரமாக, விசை இழுத்தால் சத்தமும் வரும். அதைப் பார்த்ததும் என் கணவருக்கு முகம் மாறிவிட்டது. ஊரில் எங்களுக்குத் துவக்கு என்றால் விளையாட்டுச் சாமான் இல்லை. "உந்தச் சாமானை வீட்டுக்குள்ளை கொண்டு வரவேண்டாம்" என்று மட்டும் சொன்னார், படம் எடுக்கிற இடத்துக்கும் வரவில்லை. மனுசனுக்கு ரசனை இல்லை என்று நான் மனதுக்குள் புறுபுறுத்தேன்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும், என் மருமகனாக வரவிருந்த பிள்ளை. இங்கேயே பிறந்து கூசேன்வில்லில் வளர்ந்தவர், விமான நிலையத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை. தங்கமான பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மட்டும் ஒரு மனக்குறை இருந்தது. தமிழ் விளங்கும், வாயைத் திறந்தால் பிரெஞ்சு. எபினேயில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்தால் ஒரு வணக்கம், போகும்போது இன்னொரு வணக்கம். இடையில் என்னை என்னவென்றும் கூப்பிட மாட்டார். நாளைக்கு எனக்கு ஒன்று என்றால் இந்தப் பிள்ளையோடு எப்படிக் கதைப்பது என்று மகளிடம் பல தடவை முறையிட்டிருக்கிறேன். அவள் சிரிப்பாள். தன் தமிழ் பிழையாகிவிட்டால் நான் சிரித்துவிடுவேன் என்று அவர் வெட்கப்படுகிறாராம்.

அன்றைக்குப் படப்பிடிப்பு அமர்க்களமாகத் தொடங்கியது. சனிக்கிழமை லா சப்பல் எப்படியிருக்கும் என்று தெரியும்தானே. கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து மரக்கறி வாங்க வருகிற சனம், ரோல்ஸ் கடித்துக்கொண்டு நிற்கிற சனம், எல்லாம் எங்களைச் சுற்றி நின்றுவிட்டது. தேத்தண்ணிக் கடை வாசலில் நின்ற ஆட்கள் எனக்கு நடிப்புச் சொல்லித் தந்தார்கள். மாப்பிள்ளை லட்டோடு வருவார், நான் முறைப்பேன், அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும், வீடியோக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். தோளில் தொங்கிய கைப்பையைக் கழற்றச் சொல்லி அவர் கெஞ்சியும் நான் கழற்றவில்லை. இந்தச் சனக்கூட்டத்தில் பையை எங்கே வைப்பது? துப்பாக்கி வைத்திருக்கிற மாமி கைப்பையும் வைத்திருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

எங்களைச் சுற்றி நின்ற தமிழ்ச் சனத்துக்கு இது கல்யாண வீடியோ என்று தெரியும். எதிர்க் கட்டடத்து மேல்மாடி ஜன்னலிலிருந்து பார்த்தவருக்கு எப்படித் தெரியும்? அங்கேயிருந்து யாரோ பொலிசுக்குப் போன் அடித்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வாசலில் ஒரு பொம்பிளை ஒரு இளைஞனுக்கு நேரே துப்பாக்கி நீட்டிக்கொண்டு நின்றால் நானும் அடித்திருப்பேன்.

நான் ஒருவழியாகச் சிரிக்காமல் முறைத்துவிட்ட தடவைதான் பொலிஸ் வந்தது. சைரன் இல்லை, ஒன்றும் இல்லை. திடீரென்று சனம் இரண்டு பக்கமும் பிரிந்தது. முன்னால் ஒரு இளம் பெண், பின்னால் ஒரு ஆண், இரண்டு பேரும் பொலிஸ் உடுப்பில். இரண்டு பேருடைய துப்பாக்கியும் என் நெஞ்சுக்கு நேரே. பிரெஞ்சில் ஏதோ கத்தினார்கள். எனக்குத் தெரிந்த பிரெஞ்செல்லாம் இன்னும் கொஞ்சம் சூப் வேணுமா, கை கழுவினாயா என்பதுதான். அதுவும் அந்த நேரம் பறந்துவிட்டது.

அப்போதுதான் நான் ஒரு வேலை செய்தேன். என்னைப்போல ஊரில் வளர்ந்தவர்கள்தான் அதைச் செய்வார்கள். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் வழியெல்லாம் சோதனைச் சாவடி. துப்பாக்கி எங்களைப் பார்த்துத் திரும்பினால் செய்ய வேண்டியது ஒன்றேயொன்று: அவன் கேட்க முதல் அடையாள அட்டையை எடுத்து நீட்ட வேண்டும். எவ்வளவு கெதியாக எடுக்கிறோமோ அவ்வளவு கெதியாக வீட்டுக்குப் போகலாம். சைக்கிளிலிருந்து இறங்குகிறபோதே கையில் அட்டை இருக்கும். அந்தப் பழக்கம் ஊரோடு போய்விட்டதென்று நினைத்திருந்தேன். போகவில்லை. எனக்கு நேரே துப்பாக்கியைக் கண்டவுடன், விளையாட்டுத் துப்பாக்கியை இடக்கையில் பிடித்தபடியே, வலக்கையைக் கைப்பைக்குள் விட்டேன், அட்டை எடுக்க.

பைக்குள் கை போனதும் அந்தப் பெண்ணின் முகம் மாறியதைக் கண்டேன். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. அட்டை சரியான நேரம் பார்த்து அகப்படாமல் ஒளித்துக்கொண்டது. நான் இன்னும் ஆழமாகத் துழாவினேன்.

"மாமி! பை வேண்டாம்! கை... கை மேலை!"

என் மருமகன்தான். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, இருந்த இடத்தில் அசையாமல் நின்று கத்தினார். உடனே பொலிசைப் பார்த்துப் பிரெஞ்சில் கத்தினார், என் மாமியார், படம் எடுக்கிறோம், அது பொம்மை என்று. மறுபடியும் என்னைப் பார்த்து மாமி, மாமி என்றார். ஒருநாளும் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அதனாலோ என்னவோ அது நேரே என் கைக்குப் போய்ச் சேர்ந்தது. நான் இரண்டு கையையும் மேலே தூக்கினேன். துப்பாக்கி கீழே விழுந்து, பிளாஸ்ரிக் வாளி விழுந்த மாதிரி ஒரு சத்தம் போட்டது.

பிறகு நடந்தது அவ்வளவு கௌரவமாக இல்லை. முழங்காலில் இருக்கச் சொன்னார்கள். எனக்கு முழங்கால் நோவு, பட்டுச்சேலை வேறு. மெல்ல மெல்ல இறங்கினேன், கடைக்குள்ளிருந்து மகள் அவர்கள் சொன்னதை அழுதழுது தமிழில் சொன்னாள். ஆண் பொலிஸ் என் பையைக் கவிழ்த்தார். வெளியே வந்தது அடையாள அட்டை, பிள்ளையார் படம், இருமல் இனிப்பு, கடதாசியில் சுற்றிய பாதி மட்டன் ரோல்ஸ். அவர் ரோல்ஸை விரித்துப் பார்த்தார், மணந்தும் பார்த்தார். சுற்றி நின்ற சனத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது, யாரோ ஒருவர் சிரித்துவிட்டார்.

பொம்மை என்று உறுதியானதும் அந்தப் பெண் பொலிஸ் தன் துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டு, சேலைக்கடைப் படியில் அப்படியே இருந்துவிட்டாள். வயது என் மகளின் வயதுதான் இருக்கும்.  நான் எழும்பிப் போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். கடைக்காரர் எங்கள் இருவருக்கும் தேத்தண்ணி கொண்டு வந்து தந்தார். சீனியை அள்ளிப் போட்டிருந்தார். அவள் ஒரே மூச்சில் குடித்தாள்.

"இவ்வளவு தூரத்தில் நின்று பார்த்தால் எனக்கு எல்லாத் துப்பாக்கியும் உண்மைதான். உங்கள் கை பைக்குள் போனபோது நான் சுட்டிருந்தால் ஒருவரும் என்னைப் பிழை சொல்லியிருக்க மாட்டார்கள்" என்று அவள் சொன்னதை மகள் எனக்குச் சொன்னாள்.

பிறகு ஏன் சுடவில்லை என்று கேட்கச் சொன்னேன். மகள் அந்தக் கேள்வியைக் கேட்கப் பயந்தாள், நான் விடவில்லை. அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். மருமகன் மாமியார் என்று கத்தியதை அவள் முழுக்க நம்பவில்லையாம். ஆனாலும் ஒரு மூச்சு பொறுத்துப் பார்ப்போம் என்று நினைத்தாளாம். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அவளும் கையை இழுக்கவில்லை.

துப்பாக்கியை அவர்கள் கொண்டு போய்விட்டார்கள். வீடியோக்காரரையும் கூட்டிக்கொண்டு போய், நன்றாகத் திட்டிக் கிழித்துவிட்டுப் பின்னேரம் அனுப்பினார்கள். பொம்மையானாலும் அதை வீதியில் காட்டிக்கொண்டு திரிய முடியாதென்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்ததாம்.

அடுத்த நாள் எங்கள் வீட்டில் பலகாரச் சூடு. கல்யாணப் பலகாரம் செய்யச் சொந்தக்காரர் எல்லாம் கூடியிருந்தார்கள். முறுக்கு எண்ணெய்க்குள் போக, பேச்சு துப்பாக்கிக்குள் போனது. சட்டம் உண்மைத் துப்பாக்கிக்குத்தான் வேண்டும், விளையாட்டுச் சாமானுக்கு எதற்கு என்று வீடியோக்காரர் வாதாடினார். மருமகன் விடவில்லை. அசல் மாதிரிச் செய்து விற்கவே விடக்கூடாது, பச்சை, மஞ்சள் என்று கண்ணில் குத்துகிற நிறத்தில் செய்யட்டும் என்று பாதி தமிழிலும் பாதி பிரெஞ்சிலும் சண்டை பிடித்தார். அவருடைய தமிழில் வேற்றுமை உருபெல்லாம் வேறு வேறு இடத்தில் நின்றது. நான் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் நடக்கிற ஒன்றை நானும் சொன்னேன். யாராவது ஆயுதத்தோடு உள்ளே வந்தால் என்ன செய்வதென்று பிள்ளைகளுக்குப் பழக்குவார்கள். எல்லோரும் சத்தம் போடாமல் மேசைக்குக் கீழே போக வேண்டும், நானும் போவேன், பிறகு என்னை வெளியே இழுக்க இரண்டு ஆசிரியர்கள் வேண்டும். அதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். ஆனால் மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிற சின்னக் கைகள் குளிர்ந்துபோய் இருக்கும். அந்தப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே நான் எப்படி அந்தச் சாமானை விளையாட்டென்று கையில் வாங்கினேன் என்று எனக்கே விளங்கவில்லை.

 என் கணவர் முறுக்கை வடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "எங்கடை ஊரிலையும் சட்டம் இருந்தது. துவக்கு வச்சிருந்தவைக்கு அதை வாசிக்க நேரம் கிடைக்கேல்லை."

 வீடியோக்காரர் வாதத்தை விட்டுவிட்டுப் பயற்றம் உருண்டை பிடிக்கத் தொடங்கினார்.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. வீடியோவில் நான் துப்பாக்கிக்குப் பதிலாக அகப்பையோடு மாப்பிள்ளையை மறிக்கிறேன். அதை எங்கள் குசினியில், அடுப்புக்கு முன்னாலேயே எடுத்தோம். மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. மருமகன் இப்போது என்னோடு தமிழில் ஓயாமல் கதைப்பார், சில நேரம் எப்போது நிறுத்துவார் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

கார் து நோரில் பெரிய துப்பாக்கிகளோடு ஆட்கள் காவலுக்கு நடப்பார்கள். முன்பு அவர்களைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன். இப்போது நின்று முகத்தைப் பார்க்கிறேன், அந்தப் பெண் பொலிசாக இருக்குமோ என்று. ஊரில் நான் கண்ட துப்பாக்கிகளுக்குப் பின்னாலும் முகங்கள் இருந்திருக்கும், பொறுத்த முகங்களும் சில இருந்திருக்கும். நான்தான் ஒன்றையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சட்டம் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் நல்லதென்றுதான் நான் சொல்வேன். ஆனால் மகளுக்குப் பிறந்த என் பேத்தி என் மடியில் நித்திரை கொள்கிற நேரங்களில், எனக்குப் பெயர் தெரியாத அந்தப் பிள்ளை விசையில் விரலை வைத்துக்கொண்டு பொறுத்த அந்த ஒரு மூச்சுக்குள்தான் நாங்கள் எல்லோரும் இன்னும் வாழ்ந்துகொண்டிருக்கிறோம் என்று தோன்றும்.