பாதி மேக்கப்பில் ஒரு வீடியோ கால்

நான் மேக்கப் போடக் கற்றுக்கொண்டது இரண்டு தடவை. முதல் தடவை யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டாவது தடவை திருச்சியில் முறையாகச் சொல்லித் தந்தார்கள். இரண்டில் எதனால் எனக்கு வேலை வந்தது என்று கேட்டால் இன்றைக்கும் தெளிவாகப் பதில் சொல்ல வராது.

பி.காம் முடித்துவிட்டு விராலிமலையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது அத்தை மகளுக்குக் கல்யாணம். மேக்கப் போட வரவேண்டிய பெண் உடம்பு சரியில்லை என்று கல்யாணத்துக்கு முந்தின நாள் சொல்லிவிட்டார். எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, அத்தை என் பக்கம் திரும்பினார்.

"நீதான எந்நேரமும் போன்ல அதையே பாத்துக்கிட்டு இருக்க. நீயே போட்டு விடு."

பார்ப்பது வேறு, போடுவது வேறு என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. ஃபேன்ஸி கடையில் இருந்ததிலேயே வெளுப்பான ஃபவுண்டேஷன் க்ரீமை வாங்கி வந்து, வீடியோவில் பார்த்ததை நினைத்து நினைத்துப் போட்டேன். அத்தை மகள் மேடைக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும் "கலரா இருக்காளே" என்றார்கள். அத்தைக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்தப் படம் இன்றும் அவர்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. அதைப் பார்த்தே நாலு பேர் கூப்பிட்டார்கள். வளைகாப்பு, சடங்கு, நிச்சயம் என்று ஞாயிற்றுக்கிழமைகள் நிறைந்தன.

போகிற இடத்தில் சிலர் "நீ எங்க படிச்சம்மா?" என்று கேட்பார்கள். போனைப் பார்த்துப் படித்தேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அதனால்தான் திருச்சியில் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன்.

முதல் வாரத்திலேயே குழப்பம் ஆரம்பித்துவிட்டது. சொல்லித் தந்த மேடம் திரையில் ஒரு மணப்பெண் படத்தைக் காட்டினார். முகம் சாம்பல் பூத்த வெள்ளை, கழுத்து வேறு நிறம். "இப்படிப் போடவே கூடாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு அத்தை வீட்டு ஹால் படம் கண்ணில் வந்தது. அதே முகம், அதே கழுத்து. அவ்வளவு பேர் பார்த்து மெச்சியது இதையா? மேடம் சொல்வது தப்பா, ஊர் சொன்னது தப்பா? பஸ்ஸில் விராலிமலை வரும்வரை யோசித்தும் பிடிபடவில்லை.

பயிற்சி முடிந்த பிறகு கை தடுமாறியது. முன்பெல்லாம் யோசிக்காமல் போட்டுக்கொண்டே போவேன். இப்போது பிரஷை எடுத்தால், இந்தத் தோலுக்கு எந்த ஷேட், அடியில் மஞ்சள் ஓடுகிறதா சிவப்பு ஓடுகிறதா என்று நின்றுவிடுவேன். படிக்கப் போகாமலே இருந்திருக்கலாமோ என்றுகூட இருந்தது.

அந்த நிலையில்தான் கொடும்பாளூர் பெண்ணின் கல்யாணம் வந்தது. தனியார் பள்ளியில் டீச்சர். நல்ல கறுப்பு நிறம், அழகான பெரிய கண்கள். மாப்பிள்ளைக்குக் கத்தாரில் வேலை. நிச்சயத்துக்கு அவரால் வரமுடியவில்லை, கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் ஊர் வந்து சேர்ந்திருந்தார். பெண்ணை இன்னும் நேரில் பார்க்கவில்லை.

மண்டபத்து அறைக்குள் நான் பெட்டியைத் திறப்பதற்குள் பெண்ணின் அம்மா வந்துவிட்டார்.

"நல்லா கலரா காட்டி விடும்மா. ரெண்டு மூணு கோட்டு சேத்துப் போட்டாலும் பரவால்ல."

தலையை ஆட்டினேன். ஆனால் கை மேடம் சொன்னபடிதான் போனது. அந்தப் பெண்ணின் தாடையில் வைத்துப் பார்த்து அவள் நிறத்துக்குச் சேர்ந்த ஷேடையே எடுத்தேன். முகம் முடித்து, ஒரு கண்ணுக்கு மை எழுதியபோது அம்மா மறுபடி எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, வீட்ல இருக்க மாதிரியே இருக்கா? இதுக்கா ஆளு வச்சது?"

அவர் பூ வாங்க அங்கிட்டுப் போனதும், அதுவரை பேசாமல் இருந்த பெண் தன் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். வெளுத்த, வழவழப்பான ஒரு முகம். முதலில் யாரென்றே தெரியவில்லை.

"நான்தான்க்கா. வீடியோ கால்ல பேசும்போது ஃபில்டர் போட்டுத்தான் பேசுவேன். அவருக்கு இந்த முகந்தான் தெரியும்."

"அப்ப ஒங்களுக்கு எப்படி வேணும்? இப்படியா?"

"கண்ணாடியப் பாத்தா இது நல்லாருக்கு. அவர நெனச்சா அது வேணும்போல இருக்கு. எனக்கே தெரியலக்கா."

அவளுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது. வெளுப்பு ஷேடைக் கையில் எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். நேரம் போய்க்கொண்டிருந்தது.

"அவருக்குப் போன் போடவாக்கா? ஃபில்டர் இல்லாம?"

முகூர்த்தத்துக்கு முன்னால் இது என்ன விபரீதம் என்று இருந்தது. வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு என்ன உரிமை? நான் பதில் சொல்வதற்குள் அவள் கூப்பிட்டுவிட்டாள்.

மாப்பிள்ளை குரல் கேட்டது. "என்னங்க, அங்க கரண்ட் இல்லையா? இருட்டா தெரியுது."

அவள் ஜன்னல் பக்கம் நகர்ந்து வெளிச்சத்தில் போனைப் பிடித்தாள். "கரண்ட் இருக்குங்க. நான் இப்படித்தான் இருப்பேன்."

திரையில் மாப்பிள்ளையின் முகம் கிட்டே வந்தது.

"ஒரு கண்ணு பெருசா இருக்கு, இன்னொண்ணு சின்னதா இருக்கு."

"இன்னும் போட்டு முடிக்கலங்க."

"அப்ப சரி. இங்க எனக்கு வேட்டி இடுப்புல நிக்க மாட்டேங்குது. பெல்ட் போட்டுக்கிறேன்னா எங்க மாமா திட்டுறாரு. என்ன பண்றதுன்னே தெரியல. நீங்க சீக்கிரம் கெளம்பி வாங்க."

போன் வைத்தாயிற்று. அவள் என்னைப் பார்த்தாள். "இப்ப அவரு பாத்தாரா, பாக்கலையாக்கா?"

"பாத்த மாதிரியும் இருக்கு, பாக்காத மாதிரியும் இருக்கு" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேட்டி விஷயத்தை நினைத்து நினைத்துச் சிரித்தாள். எழுதிய மை கலையாமல் இருக்க நான் பஞ்சை வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"இதே ஷேட்லயே முடிச்சிருங்க" என்றாள்.

முடித்தேன். அம்மா என்னோடு பேசவில்லை. மேடைக்குப் போகிற வழியில் தன் கைப்பையிலிருந்து பவுடரை எடுத்து மகளின் கன்னத்தில் அப்பினார். நான் ஜடையில் பூவைச் சரிசெய்கிற மாதிரி பின்னால் நின்றுகொண்டேன். ஓமப் புகையிலும் வேர்வையிலும் அந்தப் பவுடர் திட்டுத்திட்டாக நின்றது. தாலி கட்டி முடிந்ததும் பெண் என்னைப் பார்த்துக் கண்ஜாடை காட்டினாள். நான் மேடையேறித் துடைத்துச் சரிசெய்தேன். அப்போது டிஷ்யூ டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது அந்த அம்மாதான். "மூக்குக்கிட்டயும் பாரு" என்றார். கோபம் போய்விட்டதா என்று முகத்தைப் பார்த்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அந்தப் பெண் கல்யாண ஆல்பத்திலிருந்து ஒரு படம் அனுப்பினாள். "என்னைக் கண்டுபிடிங்கக்கா" என்று எழுதியிருந்தாள். ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் எல்லோரையும் வெளுப்பாக்கியிருந்தார். பெண், மாப்பிள்ளை, அம்மா, மூலையில் பிரஷோடு நின்ற நான்கூட வெள்ளைவெளேரென்று இருந்தோம்.

அந்த ஆல்பம் சுற்றியதும் எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கின. எல்லோரும் அதே மாதிரி போடவேண்டும் என்றார்கள். அது நான் போட்டதில்லை, கம்ப்யூட்டரில் செய்தது என்று சொன்னேன். "அடக்கமா பேசுறீங்க" என்றார்கள். ஜவுளிக்கடை வேலையை விட்டேன். நான் செய்யாத வேலைக்காகக் கிடைத்த பேரை வைத்துப் பிழைக்கிறேனா என்று அவ்வப்போது தோன்றும். முதலிலிருந்தே அப்படித்தானோ என்றும் தோன்றும்.

சமீபத்தில் ஆவூரிலிருந்து ஒரு நர்ஸ், கோயிலில் நடக்கவிருந்த தன் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார். அவரும் அந்த ஆல்பத்தைப் பார்த்தவர். அந்தக் கொடும்பாளூர் பெண்ணை அன்று ஜன்னல் வெளிச்சத்தில் நான் எடுத்து வைத்திருந்த நிஜப் படத்தையும் அனுப்பினேன். வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. ஒரு தடவ நேர்ல வாங்களேன்."

போனேன். முன்னறையில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்.

"நீங்க முறையா படிச்சவங்களா, தானா கத்துக்கிட்டவங்களா?"

"தானா கத்துக்கிட்டேன். அப்புறம் போயி படிச்சேன். படிச்சதுல பாதிய மறந்தும் வச்சிருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. "எனக்கு எது பொருந்தும்?" என்று கேட்டார். முதலில் முகத்தைக் கழுவி வரச் சொல்லிவிட்டு, வெளிச்சம் விழுகிற வாசல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டேன். பெட்டியைத் திறந்தேன். அந்த வெளுப்பு ஷேடும் இருந்தது, மற்றவையும் இருந்தன. எதை முதலில் எடுப்பது என்று நான் முடிவு செய்வதற்குள் அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்துவிட்டார்.