‘பார்த்தேன்’ என்று ஓர் உத்தரவு

1956-ஆம் வருஷம், புதுச்சேரியில், உப்பளம் பக்கம் ஓர் அரசாங்க அலுவலகம். எது என்று சொல்லப் போவதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தைக் கைமாற்றிக் கொடுத்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஆட்கள் மாறினார்களே தவிர காகிதம் மாறவில்லை. அலமாரி அலமாரியாகக் கோப்புகள் பிரெஞ்சில் கிடந்தன. சென்னைப் பக்கத்திலிருந்து வந்த புது அதிகாரிகளுக்கோ ஆங்கிலம்தான் தெரியும். நடுவில் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவன் தேவைப்பட்டான். அந்த ஒருவன் நான். வயது இருபத்து மூன்று. வேலை தற்காலிகம், தலைக்கனம் மட்டும் நிரந்தரம்.

தவளக்குப்பத்துக்குக் கிழக்கே கடலோரத்தில் ஒரு மீனவர் குப்பம். அந்தப் பக்கத்துக்கு அரசாங்க மருத்துவச்சியாக ஓர் அம்மா இருந்தார். ஐம்பது வயதிருக்கும். குப்பத்திலிருந்து தவளக்குப்பம் கூட்டு ரோடு வரை வெறும் மணல். கூட்டு ரோட்டுக்கு வந்துவிட்டால் பஸ்ஸோ வாடகைக் காரோ பிடித்துப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். அந்த மணலைத் தாண்டுவதுதான் பாடு. மாட்டுவண்டிச் சக்கரம் புதைந்து நிற்கும். அதனால் பிரசவம் சிக்கலானால் பழைய வலையில் பெண்ணைப் படுக்கவைத்து, துடுப்பில் கட்டித் தொங்கவிட்டு, இரண்டு பேர் தோளில் சுமந்து வருவார்கள். அப்படி வரும் வழியிலேயே ஒரு பெண்ணுக்குத் தலைச்சன் பிள்ளை போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் அந்த அம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் அலுவலகக் கிடங்கில் பழைய புஸ்புஸ் வண்டி ஒன்று தூசி படிந்து கிடந்தது. முன்னால் உட்கார்பவர் தண்டைப் பிடித்துத் திருப்ப, பின்னால் ஓர் ஆள் தள்ளிக்கொண்டு போவானே, அந்த வண்டி. அந்தக் காலத்துத் துரைமார் சவாரி போனது. சைக்கிள் ரிக்ஷா வந்தபிறகு அதைச் சீந்துவார் இல்லை. அதைக் குப்பத்துக்குக் கொடுங்கள் என்று மனு எழுதிப் போட்டார். அப்போது எங்கள் அலுவலகத் தலைவராக இருந்தவர் பிரெஞ்சில் படித்த புதுச்சேரிக்காரர். மனுவின் கீழே பிரெஞ்சில் ‘வ்யூ’ என்று ஒரே சொல் எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திவிட்டார். அன்றே கிடங்கு திறந்தது, வண்டி குப்பத்துக்குப் போனது.

குப்பத்து ஆட்கள் செய்த வேலையைச் சொல்லவேண்டும். இருக்கையைக் கழற்றி எறிந்துவிட்டு, கட்டுமரத்துப் பலகை போட்டுக் கட்டிலாக்கினார்கள். ரப்பர் சக்கரம் மணலில் இறங்கியது. ரப்பரை உரித்துவிட்டு, தேங்காய் நார்க் கயிற்றை நெருக்கிச் சுற்றிச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் கொண்டுவந்தார்கள். சக்கரம் மணலில் புதையவே இல்லை. எந்த என்ஜினீயரும் வந்து சொல்லிக் கொடுக்கவில்லை. ஊரே அதைக் கயிற்று வண்டி என்று கூப்பிட்டது.

சித்திரையில் பழைய தலைவர் பிரான்சுக்குக் கப்பலேறிவிட்டார். புது அதிகாரி வந்தார். அவருக்காகப் பழைய கோப்புகளை நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். வந்ததும் முதல் வேலையாக, வெளியே போயிருக்கும் அலுவலகச் சாமான்களையெல்லாம் கொண்டுவந்து சரிபார்ப்புக்குக் காட்டவேண்டும் என்று உத்தரவு போட்டார். கொண்டுபோனவர்கள் பலர் கண்டுகொள்ளவே இல்லை. நாற்காலி, அலமாரி, கடிகாரம் எல்லாம் போன இடத்திலேயே நிம்மதியாக இருந்தன. இந்த அம்மா மட்டும் உத்தரவை மதித்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்தினார். மூன்று நாளில் தந்துவிடுவார்கள் என்று நம்பினார். ஒழுங்காக நடந்தவருக்குக் கிடைத்த பரிசு, வண்டியைக் கிடங்கில் போட்டுப் பூட்டினார்கள்.

அதிகாரி கேட்ட கேள்விகளை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இது வண்டியா, கட்டிலா? வண்டி என்றால் லைசென்ஸ் எங்கே? கட்டில் என்றால் ஆஸ்பத்திரிக் கணக்கில் அல்லவா இருக்கவேண்டும்? பதிவேட்டில் ரப்பர் சக்கரம் என்று இருக்கிறதே, ரப்பரை உரிக்கச் சொன்னது யார்? எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி: இதுபோல வேறு எங்கேயாவது செய்திருக்கிறார்களா, அந்த உத்தரவின் நகல் வேண்டும். புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டுமென்றால் அது ஏற்கெனவே நடந்திருக்க வேண்டுமாம்! அவர் கெட்டவர் இல்லை. லஞ்சத்துக்குக் கை நீட்டாதவர், நேரத்துக்கு வருபவர். பிற்பாடு தணிக்கையில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற பயம் ஒன்றுதான். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது போகலாம்.

அந்த அம்மா பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவார். கூடவே ஒரு மீனவர் வருவார். தலைச்சன் பிள்ளையைப் பறிகொடுத்த பெண்ணின் புருஷன். அவள் மறுபடி உண்டாகியிருந்தாள். ஐப்பசியில் பிரசவம். ஐப்பசி என்றால் அடைமழை. அதற்குள் வண்டி வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கேட்டது. அந்த மனிதர் வராந்தாவில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பார். உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டார். கோப்பு மேலே போயிருக்கிறது, கீழே வந்திருக்கிறது, விளக்கம் கேட்டிருக்கிறார்கள் என்று ஏதாவது ஒன்றை நான் சொல்லி அனுப்புவேன். உள்ளுக்குள் அதிகாரியைக் கரித்துக்கொட்டுவேன். நம் மேல் தப்பில்லை என்பதில் ஒரு சுகம் இருக்கிறது பாருங்கள், அதை முழுசாக அனுபவித்தேன்.

புரட்டாசியில் ஒருநாள் அந்த அம்மா பொறுமை இழந்துவிட்டார்.

“தம்பி, எங்க மனுவ இங்கிலீசுல எழுதி வெச்சிருக்கியாமே, அத எடு. இன்னாதான் எழுதியிருக்குன்னு பாக்கறேன்” என்றார்.

எடுத்துக் காட்டினேன். ஆங்கிலம் தெரியாது என்பதால் ஒவ்வொரு வரியாக அர்த்தம் சொல்லச் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் பழைய தலைவரின் கையெழுத்துக்கு மேலே இருந்த ஒற்றைச் சொல்லில் விரலை வைத்தார்.

“இது?”

“ஸீன். பார்த்தேன்னு அர்த்தம்மா.”

“பார்த்தேனா? பெரியவரு ‘வ்யூ’ இல்ல போட்டாரு? ‘வ்யூ’ போட்டா குடுத்துட்டாருன்னுதான அர்த்தம்? முப்பது வருசமா எனக்குச் சம்பளமே அந்த ‘வ்யூ’லதான் வந்துனு இருக்குது!”

அகராதியில் ‘வ்யூ’ என்றால் ‘பார்த்தேன்’தான். நான் எழுதியதில் ஓர் எழுத்துக்கூடப் பிழை இல்லை. ஆனால் எங்கள் அலுவலகத்தில் பெரியவர் ‘வ்யூ’ என்று போட்டுவிட்டால் பார்த்தேன், சரி, நடக்கட்டும் என்று பொருள். கடைநிலைச் சேவகனுக்கும் அது தெரியும். ஆங்கிலக் கோப்பிலோ ‘ஸீன்’ என்றால் பார்த்தேன், அதோடு சரி. அனுமதி கொடுத்தேன் என்று யாரும் பிற்பாடு குற்றம் சொல்ல முடியாது. ‘அனுமதிக்கப்பட்டது’ என்று நான் எழுதியிருந்தால் வண்டி சித்திரையிலேயே குப்பத்துக்குத் திரும்பியிருக்கும். இத்தனை மாதமாக அதிகாரி கேள்விமேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்ததற்குக் காரணம், பழைய தலைவர் அனுமதித்ததாக அவருக்குத் தெரியவே தெரியாது. அது அவருக்குத் தெரியாமல் போகும்படி செய்தவன் நான்.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை. தற்காலிக வேலை, தப்பாக மொழிபெயர்த்தவன் என்று பெயர் வந்தால் அடுத்த மாதம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த அம்மாவிடம் விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, பதினோரு நாள் ஊமையாக இருந்தேன். மற்றவர் பயத்தை எட்டு ஊருக்குக் கேட்கும்படி கேலி செய்தவன், என் பயம் வந்ததும் அதற்கு நிதானம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்தது. மதியம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தவன் சாப்பிடப் பிடிக்காமல் மூடிவிட்டு, ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுதினேன். இந்தக் கோப்பில் ‘வ்யூ’ என்ற சொல்லை ‘ஸீன்’ என்று மொழிபெயர்த்தவன் நான், இந்த அலுவலக வழக்கப்படி அந்தச் சொல்லுக்கு அனுமதி என்று பொருள், பிழை என்னுடையது, வண்டியை மருத்துவச்சியிடம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதி, அதிகாரியின் மேசையில் வைத்துவிட்டு நின்றேன்.

அவர் நிதானமாகப் படித்தார். திரும்ப ஒருமுறை படித்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பேனாவை எடுத்துக் குறிப்பின் அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எட்டிப் பார்த்தேன். ‘ஸீன்’ என்று இருந்தது.

“சார், அப்ப வண்டி?”

“அதான் எழுதிட்டேனேய்யா. போ, வேலையப் பாரு.”

அந்த நிமிஷம் எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குறிப்பைக் கிழித்துப் போட்டிருப்பேன். என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது. எங்கள் கிடங்குக்காரருக்கு ஆங்கிலம் தெரியாது. பிரெஞ்சில் எழுதிய காகிதம் இல்லாமல் பூட்டில் கை வைக்கமாட்டார். அதிகாரியின் உத்தரவுகளை அவருக்குப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துக் கொடுப்பதும் என் வேலைதான். குறிப்பை எடுத்து, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், நேர்மையாகப் பிரெஞ்சில் எழுதினேன். அடியில் அதிகாரியின் சொல்லையும் எழுதினேன்: ‘வ்யூ’.

கிடங்குக்காரர் வரிவரியாக விரலை ஓட்டிப் படித்தார். கடைசிச் சொல்லுக்கு வந்ததும், “‘வ்யூ’ போட்டுட்டாரா? அப்பறம் இன்னாத்துக்கு நின்னுனு இருக்கீங்க முசே, ஆளக் கூப்டுங்க” என்று சாவிக்கொத்தை எடுத்தார். சொல்லி அனுப்பியதும் அன்று சாயங்காலமே அந்த மீனவர் வந்து, நனைந்துகொண்டே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

அதிகாரி பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இங்கே ‘வ்யூ’வுக்கு என்ன பொருள் என்று நான் விளக்கி எழுதிய குறிப்பின் அடியிலேயே ‘ஸீன்’ என்று எழுதினாரே, தெரிந்தே எழுதினாரா, பழக்கதோஷமா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஐப்பசியில் நல்ல மழைநாளில்தான் அந்த மீனவரின் மனைவிக்கு வலி எடுத்ததாம். வண்டி புதையாமல் கூட்டு ரோட்டுக்கு வந்தது, ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது, தாயும் பிள்ளையும் சுகம் என்று சொல்லி அனுப்பினார்கள். கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே குப்பத்துக்குப் போனேன். எதற்கு என்று மறைப்பானேன், நாலு பேர் என்னைப் புகழ்வதைக் கேட்கத்தான்.

நினைத்தபடியே நடந்தது. பாய் விரித்து உட்காரவைத்தார்கள். அவள் குழந்தையைக் கொண்டுவந்து காட்டினாள். அந்த மீனவரின் தங்கை, என் வயதுதான் இருக்கும், ஒன்றும் பேசாமல் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனாள். ‘ஸீன்’, ‘வ்யூ’ கதையைக் கைகால் ஆட்டிச் சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மருத்துவச்சி அம்மாவும் சிரித்தார்.

என்னைப் பஸ் ஏற்றிவிட அவர்தான் கூட்டு ரோடு வரை நடந்து வந்தார். பாதி மணலில், “இனிமே இந்த ‘வ்யூ’ கதைய அந்த வூட்ல சொல்லாத தம்பி” என்றார்.

“ஏம்மா?”

“காப்பி குடுத்துச்சே, அந்தப் பொண்ண ஆவணியில வலையிலதான் தூக்கினு வந்தோம். இதோ, இந்த எடத்துக்கிட்ட வரும்போது கொழந்த போயிடுச்சி.”

சித்திரையில் வண்டி திரும்பியிருந்தால் ஆவணியில் அது குப்பத்தில் இருந்திருக்கும். அதிகாரியின் கேள்விகளை எண்ணியெண்ணிக் கோபப்பட்டவன், என் ஒற்றைச் சொல்லுக்குக் கணக்குப் பார்க்கவே இல்லை. ஏனம்மா என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொல்லத்தான் மறுநாளே வந்தோம், நானும் அவ அண்ணனும். அடுத்த வாரம் வாங்கன்னு சொன்ன. எழுதினு இருந்த, தலைய நிமிந்து பாக்கல” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார்.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து, நானும் கையெழுத்துப் போடுகிற நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரையும் அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பியதில்லை என்று பெருமை பேசமாட்டேன், அனுப்பியிருக்கிறேன். ஆனால் சொல்வதற்கு முன்னால் தலையை நிமிர்த்தி எதிரில் நிற்பவரின் முகத்தை ஒருமுறை பார்த்துவிடுவேன், பார்த்துவிட்டால் பெரும்பாலும் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.