நிறுத்தச் சொன்ன மதியம்

ஹூஸ்டனுக்குத் தெற்கே, கடலோரத்தில் இருக்கும் ஒரு ரசாயன ஆலையில் எஞ்சினியராக இருக்கிறேன். பராமரிப்புக்காகச் சில வாரங்கள் மூடிவைத்திருந்த ஒரு பிரிவை மறுபடி ஓடவைக்கும் பொறுப்பை அந்த வசந்தத்தில் முதன்முறையாக என்னிடம் கொடுத்தார்கள். அதற்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்தவர்கள் எல்லாரும் டெக்சாஸிலேயே பிறந்து, ஆலைகளுக்கு நடுவிலேயே வளர்ந்த ஆண்கள். நான் காயல்பட்டினத்துப் பெண். தலையில் ஹிஜாப், அதன் மேல் ஹெல்மெட்.

என்னைப் பரிந்துரைத்தவர் எங்கள் மேனேஜர். கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனிதர், முன்கோபி. எல்லாரையும் போல நானும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். தமிழில் பேசும்போது மட்டும் ‘சார்’ தானாக வந்துவிடும்.

அது நோன்பு மாதம். விடியற்காலையில் சஹர் உணவை முடித்துவிட்டுக் கிளம்பி, ஏழு மணிக்குக் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தேன். மதியம்வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. உயரமான டவர் ஒன்றின் அடியில் எண்ணெய் போன்ற ஒரு திரவத்தை நிரப்பிக்கொண்டே வர வேண்டும். எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை ஒரு கருவி அளந்து திரையில் காட்டும். அதற்கிடையில் பக்கத்திலிருக்கும் உலையைச் சூடாக்குவார்கள். அன்றைக்கு உலை சூடாகத் தொடங்கியிருந்தது.

திரையில் அளவு பாதிவரை ஏறியது. அதற்கு மேல் ஏறவில்லை.

பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது, திரவம் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, அளவு மட்டும் அப்படியே நிற்கிறது. கருவி பழுதாகியிருந்தால் டவருக்குள் திரவம் யாருக்கும் தெரியாமல் ஏறிக்கொண்டே இருக்கும். உச்சிவரை ஏறி வெளியே கொட்டினால், அங்கே சூடான உலை இருக்கிறது. அதற்கு அப்புறம் நடப்பதைப் பற்றித்தான் இந்தத் தொழிலில் எங்களுக்குத் திரும்பத் திரும்பப் படம் போட்டுக் காட்டுகிறார்கள்.

வெளியே டவருக்குப் பக்கத்தில் இருந்த ஆபரேட்டரை ரேடியோவில் கூப்பிட்டேன். ஆறடிக்கு மேல் உயரமான, வெள்ளைத் தாடிக்காரர். டவரின் பக்கவாட்டில் இருக்கும் கண்ணாடிக் குழாயைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். கண்ணாடி அழுக்கேறிக் கிடக்கிறது, ஒன்றும் தெரியவில்லை என்றார். “இந்தக் கருவியை இப்போதுதானே புதிதாக மாட்டினார்கள்? கொஞ்சம் பொறு, ஏறும்” என்றார். என் பக்கத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவரும் தலையாட்டினார்.

பொறுத்தேன். ஏறவில்லை. யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவரவர் திரையைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்த விதத்திலேயே, முடிவு என்னுடையது என்று புரிந்தது.

மேனேஜரின் அலுவலகம் வேறு கட்டடத்தில் இருந்தது. அவரை ஸ்பீக்கர் ஃபோனில் கூப்பிட்டேன். விஷயத்தை ஆங்கிலத்தில் சொல்லி, நிறுத்தலாம் என்று நினைக்கிறேன் என்றேன்.  அவர் தமிழுக்கு மாறினார்.

“இங்க பாருங்க. உலையை ஏத்தியாச்சு. இப்ப ஸ்டாப் பண்ணா திரும்ப மொதல்ல இருந்து வரணும். நாளைக்குக் காலைல சைட் ஹெட்டுக்கு நான் என்ன சொல்றது?”

“சார், லெவல் மூவ் ஆகவே இல்ல. கண்ணாடியும் தெரியலங்கிறாங்க.”

“ஃபர்ஸ்ட் டைம் லீட் பண்றீங்க, டென்ஷன் இருக்கும். நோன்பு வேற. காலைல இருந்து தண்ணிகூடக் குடிக்கல. ஒரு அரை மணி நேரம் வெயிட் பண்ணிப் பாருங்களேன்.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் ‘நோன்பு’ என்ற வார்த்தை சுருக்கென்று தைத்தது. ஒருவேளை பசியில்தான் இப்படித் தோன்றுகிறதோ என்று எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. அதைவிட, அவர் தமிழில் பேசியதால் அந்த அறையில் இருந்த மற்றவர்களுக்கு எதுவும் புரியவில்லை. எங்கள் இருவருக்குள்ளேயே இது முடிந்துபோகும். நான் காத்திருந்து ஏதாவது ஆனால், காத்திருக்கச் சொன்னது யார் என்று யாருக்கும் தெரியாது. காத்திருந்து ஒன்றும் ஆகவில்லை என்றால், நான் பயந்ததும் யாருக்கும் தெரியாது. அந்த வசதி என்னை இழுத்தது.

நான் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னேன். எல்லாருக்கும் கேட்கும்படியாக, “நான் நிறுத்துகிறேன். இது என் முடிவு” என்றேன்.  ஃபோனை வைத்தேன். பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, “பம்ப்பை நிறுத்துங்கள். உலையை அணையுங்கள்” என்றேன். அவர் உடனே செய்தார்.

மதியம் முழுவதும் டெக்னீஷியன்கள் டவரைச் சுற்றி வந்தார்கள். மேனேஜர் நேரில் வந்து, என்னைப் பார்க்காமல் மற்றவர்களிடமே பேசிக்கொண்டு நின்றார். சாயங்காலம் காரணம் தெரிந்தது. கருவியில் எந்தப் பழுதும் இல்லை. டவரைக் கழுவும்போது திறந்த ஒரு வால்வைச் சரியாக மூடாமல் விட்டிருக்கிறார்கள். அந்த அளவுக்கு மேல் உள்ளே போன திரவம் அவ்வளவும் அந்த வழியாகப் பழைய டாங்க் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. டாங்க்கில் இடம் நிறைய இருந்தது. டவர் நிரம்பி வழிய வாய்ப்பே இல்லை. திரையில் தெரிந்தது உண்மையான அளவுதான்.

நான் பயந்த ஆபத்து அங்கே இல்லவே இல்லை.

யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தானா என்று தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சூரியன் மறைந்த நேரத்தில் அந்தத் தாடிக்காரர் ஒரு தண்ணீர் பாட்டிலை என் மேஜைமேல் வைத்தார். “நேரம் ஆகிவிட்டது இல்லையா?” என்றார். அந்த மாதம் முழுக்க அவர் நேரத்தைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார். கைப்பையிலிருந்த பேரீச்சம்பழத்தைத் தின்று, தண்ணீரைக் குடித்தேன். 

வீட்டில் சொன்னதும் என் கணவர், “கிரீன் கார்டு வர்ற நேரத்துல இது தேவையா?” என்று கேட்டுவிட்டார். சொன்ன வேகத்திலேயே, “இல்ல, தப்பா கேட்டுட்டேன். நீ பண்ணது கரெக்ட்” என்றார். ஆனால் அவர் முதலில் கேட்டதுதான் ராத்திரி முழுக்க எனக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை கூட்டத்தில், ஆலை முழுவதுக்கும் பொறுப்பான சைட் ஹெட் முதலில் கேட்டது, நிறுத்தியது யார் என்றுதான். அவர் கண்டிப்பான பெண்மணி. முகத்தை வைத்து எதையும் படிக்க முடியாது. நான்தான் என்றேன். மேனேஜர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதே நிலைமை நாளைக்கு வந்தால்? காரணம் என்னவென்று தெரியாத அதே நிலைமையில்?” என்றார் சைட் ஹெட்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். மன்னிப்புக் கேட்பதுபோல ஏதாவது சொல்லிவிட்டால் எல்லாருக்கும் சுலபமாக இருக்கும் என்று தெரிந்தது. “மறுபடியும் நிறுத்துவேன்” என்றேன். அவர் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். பாராட்டும் இல்லை, கண்டிப்பும் இல்லை.

மறுபடி தொடங்கியபோது பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்தார்கள். நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவினேன். வலித்தது. வலிக்கவில்லை என்று காட்டிக்கொள்வதற்காக அன்று அளவுக்கு மீறிச் சிரித்துப் பேசினேன். பெருநாள் வந்தது, போனது. மேனேஜரும் நானும் வேலைக்கு வேண்டியதை மட்டும், அதுவும் ஆங்கிலத்தில் மட்டும், பேசிக்கொண்டோம்.

கோடை முடியும் சமயத்தில் ஒரு நாள், பார்க்கிங் லாட்டில் என் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். வெயில் கொளுத்தியது.

“அன்னைக்கு நோன்பைப் பத்தி நான் பேசிருக்கக் கூடாதுங்க” என்றார்.

நான் கார் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

“நீங்க பண்ணது சரிதான்னு அன்னைக்கே எனக்குத் தெரியும். ஆனா நான் தமிழ்ல கேட்டதுக்கு நீங்க இங்கிலீஷ்ல எல்லார் முன்னாடியும் பதில் சொன்னீங்க பாருங்க, அதுல கோவம் வந்துருச்சு. இன்னும் கொஞ்சம் இருக்குது.”

“எனக்கும் இருக்கு சார்” என்றேன். “தனியாப் பேசுனா நீங்க என்னைக் கன்வின்ஸ் பண்ணிருப்பீங்க. அந்தப் பயத்துலதான் இங்கிலீஷ்ல பேசுனேன்.”

அவர் தலையாட்டினார். பிறகு, அடுத்த மாதம் வேறொரு பிரிவு தொடங்கப் போகிறது என்றும், அதற்கு என் பெயரைக் கொடுத்திருப்பதாகவும் சொன்னார். எனக்கு உடனே சந்தோஷம் வரவில்லை. அந்த மதியம் அறையில் இருந்த அமைதிதான் நினைவுக்கு வந்தது.

“மறுபடி நான் ஸ்டாப் பண்ணா?”

“பண்ணுங்க. நான் கத்துவேன். என் சுபாவம் அது. கத்தினாலும் பண்ணுங்க.”

ஒப்புக்கொண்டேன். அந்தப் பிரிவு ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடத் தொடங்கியது. தொடங்கும் முன், வேலையில் இருந்த எல்லாரையும் நிற்கவைத்து, யாருக்கு எது சரியில்லை என்று பட்டாலும் நிறுத்தலாம், காரணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். சொல்லிவிட்டு, யாராவது உண்மையிலேயே நிறுத்திவிடுவார்களோ என்று அன்று முழுக்கப் பயந்துகொண்டேதான் இருந்தேன். அப்போதுதான் மேனேஜரை எனக்குக் கொஞ்சம் புரிந்தது.