ஸ்விட்ச் போடாமலே பச்சையில் நின்ற முள்

மூன்று வருடத்துக்கு முன், மாசி மாதத்தில் ஒரு சாயங்காலம், ஆம்பூரில் என் சொந்தக் கிளினிக்கில் நடந்தது இது. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்து அப்போது ஆறு வாரம்தான் ஆகியிருந்தது.

நான் பல் மருத்துவர். படித்து முடித்து நான்கு வருடம் வேலூரில் இன்னொருவர் கிளினிக்கில் வேலை பார்த்தேன். எத்தனை நாளைக்கு அடுத்தவர் போர்டுக்குக் கீழே பல் பிடுங்குவது என்று ரோஷம் வந்திருந்த நேரத்தில், ஆம்பூரில் ஒரு மூத்த டாக்டர் தன் கிளினிக்கை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போகப்போவதாகக் கேள்விப்பட்டேன். மறுநாளே போய் நின்றேன்.

வாங்குவதற்கு முன் நான் செய்த சோதனைகளைச் சொன்னால் நீங்களே மெச்சுவீர்கள். வாடகை ஒப்பந்தத்தை வக்கீலிடம் காட்டினேன். நோயாளிகளின் ரிஜிஸ்டரைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். நாற்காலியை ஏற்றி இறக்கினேன், எக்ஸ்ரே மெஷினை ஓடவிட்டேன். எதிர்ப்பக்கத்து ஜூஸ் கடையில் மூன்று நாள் உட்கார்ந்து எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்றுகூட எண்ணினேன். ஜூஸ் குடித்துக் குடித்து ஜலதோஷம் பிடித்ததுதான் மிச்சம். என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று அப்படி ஒரு நினைப்பு எனக்கு.

ஒரே ஒரு மெஷினை மட்டும் நான் தொடவில்லை. ஒருவர் வாயில் வைத்த கருவியை அடுத்தவருக்கு வைக்கும் முன், அழுத்தம் ஏற்றிய நீராவியில் கிருமி நீக்கம் செய்ய வேண்டும். அதற்கான ஆட்டோகிளேவ், பார்ப்பதற்குப் பெரிய பிரஷர் குக்கர் மாதிரி இருக்கும். கல்லூரியில் அதற்கென்று தனி அறை உண்டு. சுத்தமான கருவி பொட்டலமாக நம் கைக்கு வந்துவிடும். வேலை பார்த்த இடத்தில் உதவியாளர் பார்த்துக்கொண்டார். இளம் பல் மருத்துவர்களில் பலர் என்னைப் போலத்தான். டாக்டர் பட்டம் இருக்கும், அந்த மூடியை எங்கள் கையால் ஒரு தடவைகூட மூடியிருக்க மாட்டோம்.

இங்கேயும் பழைய டாக்டரிடம் பல வருடம் இருந்த உதவியாளர் அக்காவே என்னிடம் தொடர்ந்தார். அவர் மெஷினைப் போடுவார். நான் போகிற போக்கில் அதன் அழுத்த மீட்டரை ஒரு பார்வை பார்ப்பேன். அழுத்தம் சரியாக இருக்கிறது என்று முள் பச்சைக் கோட்டில் இருக்கும். எப்போது பார்த்தாலும் இருக்கும். அதில் எனக்கு ஒரு திருப்திகூட உண்டு.

அன்றைக்கு வந்தவர் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் பாயிலர் ஓட்டுகிறவர். கடைவாய்ப் பல் சொத்தை, பிடுங்க வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் தலையைத் திருப்பி மூலையில் இருந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு ஒரு பக்கம் மரத்துப்போயிருந்ததால் வார்த்தை குழறியது.

"இன்னா மேடம், அது ஆஃப்லதான இருக்குது?"

"ஆமாம்" என்றேன்.

"அப்ப முள்ளு இன்னாத்துக்கு மேல நிக்குது?"

திரும்பிப் பார்த்தேன். ஸ்விட்ச் போடவில்லை. மூடி திறந்து பக்கத்தில் கிடந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. முள் மட்டும் பச்சைக் கோட்டில் ஜம்மென்று நின்றது.

ஆறு வாரமாக நான் தினமும் பார்த்துத் திருப்திப்பட்டது ஒரு செத்த மீட்டரை.

அவர் நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டார். கோபப்படவில்லை, தொழில் புத்தி அவரை விடவில்லை. தண்ணீர் ஊற்றி, மூடியைப் போட்டு, ஸ்விட்சைத் தட்டச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் மூடியின் விளிம்பைச் சுற்றி ஆவி புஸ்ஸென்று வெளியே வந்தது.

"ரப்பர் போயிடுச்சு மேடம். பிரஷர் எங்க ஏறும்? இது சும்மா தண்ணி கொதிக்குது, அவ்ளோதான். எங்க பாயிலர் இப்டி இருந்தா ஒருத்தனையும் கிட்ட வுடமாட்டோம்."

சொல்லிவிட்டு, தட்டில் அவருக்காக எடுத்து வைத்திருந்த கருவிகளை ஒரு பார்வை பார்த்தார். கையால் வாயை மூடிக்கொண்டார். மரத்துப்போன வாயோடு, பிடுங்காத பல்லோடு அவர் படியிறங்கிப் போனதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

வெளியே காத்திருந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு அக்காவிடம் கேட்டேன். அவர் என்னவோ நான் வெயிலடிக்கிறதா என்று கேட்டது போலச் சாதாரணமாகச் சொன்னார். "முள்ளு எப்பவோ நின்னுடுச்சு மேடம். ரப்பர் பிஞ்சது தீபாவளிக்கு அப்புறம்தான். ஆவி வந்தா போதும்னு பெரிய டாக்டர் சொல்லிட்டாரு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

கிளினிக்கை விற்றுப்போன அந்தப் பெரிய டாக்டருக்கு ஃபோன் செய்தேன். அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கும், அதிர்ச்சியடைவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். "புதுசு வாங்கணும்னுதான் இருந்தேன்மா. அதுக்குள்ள நீ வந்துட்டே. கொதிக்கிற தண்ணியில போட்டுத்தான எடுக்கிறோம், யாருக்கு இன்னா ஆயிடும்?" மஞ்சள் காமாலைக் கிருமி, எச்.ஐ.வி. என்று எனக்குப் பாடம் எடுக்கும் தகுதியுள்ளவர் அவர். அவர் வாயிலிருந்தே இது வந்தது. நோயாளிகளிடம் சொல்லப்போகிறேன் என்றதும் அவர் சிரிப்பு நின்றது. "என் பேரைக் கெடுக்காதே. உன் கிளினிக்கையும் மூடிக்கிட்டுப் போவே" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்.

அவர் சொன்னதில் இரண்டாவது பாதி நிஜமென்று எனக்கும் தெரியும். ஆனால் எனக்கு வேறொரு முகம் நினைவுக்கு வந்துவிட்டது. முந்தின வாரம் ஒரு பெண்ணுக்குப் பல் பிடுங்கியிருந்தேன். ஷூ கம்பெனியில் தைக்கும் பிரிவில் வேலை. ஐந்து மாதக் கர்ப்பம். சீழ் பிடித்து வீங்கி, வலியில் அழுதுகொண்டு வந்தவர். 'கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாதே மேடம்?' என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் 'ஒன்றும் ஆகாது' என்று தட்டிக் கொடுத்தவள் நான்.

கிளினிக்கைப் பூட்டினேன். ரிஜிஸ்டரை எடுத்து, தீபாவளிக்குப் பிறகு இரத்தம் பட்ட சிகிச்சை செய்துகொண்ட அத்தனை பேரையும் குறித்தேன். பெரிய டாக்டரின் நோயாளிகள், என்னுடையவர்கள், எல்லோரையும். நடந்ததைச் சொல்லி, நானே ஏற்பாடு செய்யும் இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னேன். முதல் அழைப்பு அந்தப் பெண்ணுக்கு. நான் சொல்லி முடித்ததும், எந்த நாள் வர வேண்டும் என்று மட்டும் கேட்டார். பின்னால் தையல் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மேல்விஷாரத்துக்காரர் ஒருவர் என் குடும்பத்தையே இழுத்துத் திட்டினார். வாங்கிக்கொண்டேன். குடியாத்தத்திலிருந்து ஒரு தறிக்காரர் வீட்டோடு கிளம்பி வந்துவிட்டார். என்னை நிலைகுலைய வைத்தது ஒரு டேனரித் தொழிலாளி சொன்னதுதான். "அட, இதுக்கு ஏன் மேடம் பேஜார் ஆவறீங்க? தெனம் கெமிக்கல்ல கையை வுடறோம். எங்களுக்கு இன்னா புச்சா ஆவப்போவுது?" அவர் வரவே இல்லை. திட்டியவரைவிட இவர்தான் என்னை அழ வைத்தார்.

வந்தவர்களில் யாருக்கும் எதுவும் இல்லை. வராதவர்களைப் பற்றி எனக்கு இன்றும் தெரியாது. அந்தப் பெண்ணுக்கும் முதல் பரிசோதனையில் எதுவும் இல்லை. ஆனால் சமீபத்தில் கிருமி புகுந்திருந்தால் இரத்தத்தில் தெரியச் சில மாதம் ஆகலாம் என்பதால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. புது மெஷின் வந்து, தினமும் நானே மூடி போட்டு, நானே இறக்கி, ஈயடிக்கும் கிளினிக்கில் அந்த மூன்று மாதத்தையும் ஓட்டினேன்.

இரண்டாவது முடிவும் நல்லபடியாக வந்தது. அன்று அவரே நேரில் வந்தார், நிறைமாதமாக. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையமர்த்திவிட்டார்.

"நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது மேடம். நிம்மதியா இருந்திருப்பேன். சொன்னீங்க, மூணு மாசம் ஒரு ராத்திரிகூடத் தூங்கல. வயித்துல புள்ள ஒதைக்கும்போதெல்லாம் பயந்தேன். நீங்க பண்ணது நல்லதா கெட்டதான்னு எனக்கே தெரியல."

அவ்வளவுதான் சொன்னார். வலது கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து போனார். அதற்குப் பிறகு அவர் என் கிளினிக்குக்கு வரவில்லை.

இப்போது கிளினிக் ஓரளவு நடக்கிறது. பாயிலர்காரர் அந்தப் பல்லை என்னிடமே வந்து பிடுங்கிக்கொண்டார், மெஷினைச் சுற்றிப் பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தார். கிளினிக் வாங்கப்போகும் ஜூனியர்கள் யோசனை கேட்டால், அந்த மூடியை உங்கள் கையால் ஒரு தடவை மூடிப் பாருங்கள் என்கிறேன். அதெல்லாம் உதவியாளர் வேலைதானே என்று சிரிக்கிறார்கள். மறுபடி அப்படி ஒரு நிலைமை வந்தால் நோயாளிகளுக்கு அதே ஃபோனைத்தான் செய்வேன். ஆனாலும் ஒரு கர்ப்பிணி மூன்று மாதம் தன் குழந்தை உதைத்ததற்குப் பயந்தார், அதற்குக் காரணம் நான் என்பதை எந்தப் பரிசோதனை முடிவாலும் இல்லையென்று ஆக்க முடியாது.