லாரி வராத கொள்முதல் நிலையம்

1. முதல் நாள்

கூத்தாநல்லூருக்குத் தெற்கே ஒரு கிராமத்து நெல் கொள்முதல் நிலையத்துக்குப் நெல்லை எடை போட்டு வாங்கும் பொறுப்புள்ள பட்டியல் எழுத்தராகப் போன முதல் நாளே, களத்தில் காத்திருந்த விவசாயிகளிடம், வழக்கமாக மூட்டைக்குக் கொடுக்கும் நாற்பது ரூபாயை இனி யாருக்கும் தர வேண்டாம் என்று சொன்னேன். யாரும் மகிழவில்லை. சிலர் வானத்தைப் பார்த்தார்கள். சற்று நேரத்தில் எடை போடுவது நின்றது. லோடுமேன்கள் மூட்டை அடுக்கின் நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அவர்களுக்குத் தலைவர் செல்வராசு. "கோவிச்சுக்காதீங்க சார். நீங்க வாங்கலன்னா அது உங்க பெருமை. பெருமைய வச்சு எங்க வீட்ல ஒல வைக்க முடியாது. குடுக்குற கூலி பத்தல," என்றார்.

அடுத்து ஜமால் பாய் வந்தார். குத்தகை நிலத்தில் விளைந்த அவருடைய சம்பா நெல், ஒரு வாரமாகக் களத்தில் குவியலாகக் கிடந்தது. பகலில் பிரித்துக் காயவைப்பார். பொழுது சாய்ந்ததும் படுதா போட்டு மூடுவார். ஈரப்பதம் வரம்புக்குள்தான் இருந்தது. ஒரு மழை பெய்தால் மீறிவிடும். பிறகு அந்த நெல்லை நாங்கள் வாங்க முடியாது. சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினார். மறுத்தேன்.

"சார், நீங்க நல்லவருன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு. என் நெல்லுக்குத் தெரியலையே. அது முளைக்கப் பாக்குது."

"லஞ்சம் குடுக்குறது தப்பு பாய்."

"தப்புதான். மழை பேஞ்சா, நிலத்துக்காரர்கிட்ட வந்து இதையே சொல்றீங்களா?"



2. நாற்பது எங்கே போகிறது

செல்வராசுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்த நாற்பது யார் யாருக்குப் போகிறது என்று கேட்டேன். விரல் மடக்கிச் சொன்னார். லோடுமேன்களுக்குப் பத்து. லாரிக்குக் கொஞ்சம். மேலே கொஞ்சம். மிச்சம் எழுத்தருக்கு.

"முன்னாடி இருந்தவரு கெட்ட ஆளு இல்ல சார். வாங்குன மூட்டைய கிடங்குக்கு ஏத்திட்டுப் போக லாரி வரல. அடுக்கி வச்ச மூட்டை வெயில்ல காஞ்சு எடை கொறஞ்சுது. கொறஞ்சதை அவரு சம்பளத்துல புடிச்சாங்க. அடுத்த சீசன்ல அதை ஈடுகட்ட விவசாயிங்ககிட்ட முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கிட்டாரு. அப்புறம் கை நிக்கல."

களத்தைத் திரும்பிப் பார்த்தேன். வாங்கிய மூட்டைகளே இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. இடம் இல்லாததால் எடை மெதுவாக நடந்தது. மெதுவாக நடந்ததால் வரிசை நீண்டது. வரிசை நீண்டதால் முந்திக்கொள்ள ஒரு விலை உண்டானது. நான் நிறுத்தியது பணத்தை மட்டும்தான்; வரிசை அப்படியே இருந்தது.

3. ஒரு போன்

மேலதிகாரியைப் போனில் பிடித்து லாரி கேட்டேன்.

"எல்லா ஊர்லயும் லாரிதான்யா கேக்குறாங்க. நான் என்ன முதுகுலயா தூக்கிட்டு வர?"

"எடை கொறஞ்சா என் சம்பளத்துல புடிக்கிறீங்க. லாரி லேட்டானா யார் சம்பளத்துல சார் புடிப்பீங்க?"

"உனக்கு வாய் ஜாஸ்தி," என்றார். மழை எச்சரிக்கை இருப்பதையும், எந்தெந்த அடுக்கு எத்தனை நாளாகக் கிடக்கிறது என்பதையும் படத்தோடு அவருக்கே அனுப்பினேன். நனைந்தால் பதில் சொல்ல வேண்டியவர்களில் அவரும் ஒருவர்.

மறுநாள் காலை இரண்டு லாரிகள் வந்தன. அதற்குள் விவசாயிகளும் லோடுமேன்களும் பேசி முடித்திருந்தார்கள்: தூக்கு கூலிக்காக மூட்டைக்குப் பத்து, எல்லோர் முன்னாலும், நேரே லோடுமேன்கள் கையில். வேறு யாருக்கும் எதுவும் இல்லை. நெல் வந்த வரிசைப்படிதான் எடை. அந்தப் பத்தும் விதிப்படி சரியல்ல. மறைக்காமல் பலகையில் எழுதி வைத்தேன்.

ஜமால் பாயின் முறை மதியம் வந்தது. கடைசி மூட்டையைத் தைத்து அடுக்கும்போது தூறல் விழுந்தது. படுதாவை உதறி மடித்தபடியே கேட்டார்:

"இந்த ஏற்பாடு எத்தனை நாளைக்கு சார்?"

"லாரி ஒழுங்கா வந்துக்கிட்டு இருக்குற வரைக்கும் பாய்."

அப்படியேதான் ஆனது. அந்தப் பருவத்தில் லாரி ஒழுங்காக வந்தவரை யாரும் நாற்பதைப் பற்றிப் பேசவில்லை. இடையில் ஒரு வாரம் லாரி நின்றது. மூன்றாம் நாளே ஒருவர் பணத்தோடு என் மேசைக்கு வந்தார். எடைக் குறைவை எழுத்தர் தலையில் கட்டும் விதியை மாற்றச் சொல்லி எழுதிக்கொடுத்தேன். இன்னும் மாறவில்லை.

புதிதாகப் பட்டியல் எழுத்தராக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். காசு வாங்காதீர்கள். ஆனால் அதை முதல் நாளே களத்தில் நின்று அறிவிக்காதீர்கள். முதலில் லாரிக்குப் போன் செய்யுங்கள்.