சூளை எரிந்த சனிக்கிழமை

பீர்க்கன்கரணையில், எங்கள் தெருவிலுள்ள கைவினைப் பள்ளியில் களிமண் வேலை கற்கிறேன். சூளைப் புகை மாடியில் காயும் துணிகளில் படிகிறது என்று தெருவாசிகள் புகார் செய்தார்கள். "இன்னொரு புகார் வந்தா காலி பண்ணிடுங்க" என்றார் பள்ளிக் கட்டடத்தின் உரிமையாளர்.

நான் பொறியாளர். புகையைக் குறைக்கும் வழிகளைப் பட்டியலிட்டு, தெருக் கூட்டத்தில் வாசித்தேன். எதுவுமே பள்ளிக்குக் கட்டுப்படியாகாது. முதலில் புகார் சொன்ன மல்லிகா அக்காதான் குறுக்கிட்டார்.

"இன்னாம்மா, படிச்சிகினே போற? எந்தக் கெழம கொளுத்துவீங்க, அத்த சொல்லு. அன்னிக்கு நாங்க துவைக்கல."

"சனிக்கிழமை, அக்கா."

"சரி, எங்களுக்கும் லீவு!"

எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை சூளையை மூட்டிவிட்டு மாடிகளைப் பார்த்தேன். எந்தக் கொடியிலும் துணி இல்லை. அவர்களிடம் கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை, கேட்காமலே துவைக்கும் நாள் ஒன்றை விட்டுக்கொடுத்தார்கள். பள்ளி இன்றும் அங்கேதான் இருக்கிறது.