பொலிசைத் தெரிவுசெய்யக் கூடிய ஊர்

எண்பதுகளின் நடுப்பகுதியில் நான் பாரிசின் லாச்சப்பலில், ரூ காய் என்ற தெருவின் கடைகளுக்கு மேலிருந்த ஓர் அறையில், மூன்று பேருடன் குடியிருந்தேன். வேலை, பாரிசுக்கு வடக்கே அரைமணி நேர ரயில் தூரத்தில் ஒரு சிறு நகரத்தின் நகரசபையில். மரத்தரைக்கு மெழுகு தேய்ப்பேன். கூட்ட நாட்களில் கதிரை அடுக்குவேன். அந்தக் குளிர்காலத்து நாட்குறிப்பில் பாதி நாட்களுக்குப் "பனிப்புகார்" என்றே எழுதியிருக்கிறேன். ரயில் யன்னலுக்கு வெளியே ஊர்கள் கரைந்தபடி போகும். நானும் பாதி நித்திரையில் அவற்றுக்குள்ளால் போவேன்.

மார்கழி தொடக்கத்தில், அறிவித்தல் பலகையின் கண்ணாடியைத் துடைக்கும்போது அந்தச் செய்தியை வாசித்தேன். சைக்கிளில் சுற்றிவரும் ஒரு வயதான காவலரைத் தவிர அந்த ஊருக்கு வேறு காவல் இல்லை. ஒருவர் போதாதென்று ஊரார் முறையிட்டிருந்தார்கள். இனி மூன்று வழி: சபையே ஆட்களைச் சேர்ப்பது, ஒரு தனியார் காவல் கம்பனியை அமர்த்துவது, அல்லது ஜொந்தார்ம் எனப்படும் அரச பொலிசுக்கு இடம் கொடுத்து அழைப்பது. வியாழன் மாலை வாக்கெடுப்பு. யாரும் வந்து பார்க்கலாம்.

அறையில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை.

"பொலிசை ஆரும் தெரிஞ்செடுக்கிறதோ? அது தானா வாறதெல்லோ."

"எனக்கு நித்திரை கொள்ளுற பொலிஸ் ஒண்டு பாத்து எடுத்து வையுங்கோ."

"நீ குறட்டை விட, அவன் எழும்பி வந்து உன்னைப் பிடிப்பான்."

சிரிக்காதவர் ஒருவர்தான். எங்களில் மூத்தவரான அவரை எல்லோரும் அண்ணை என்போம். அதே ஊரில், ரயில் நிலையத்துக்கு எதிரே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அகதி வழக்கு முடியும்வரை தரும் தற்காலிகக் கடதாசியான ரெசிப்பிசே அவருக்குக் காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்கப் பிறிபெக்சர் அலுவலகத்தில் கிடைத்த நாள் தை பத்தாம் திகதி. ஜொந்தார்ம் தெரிவானால் தை முதலாம் திகதி, புதுவருடத்தன்றே வந்து, ரயில் நிலையத்தில் கடதாசி பார்க்க நிற்பார்கள். நான் நாட்களை எண்ணினேன். இடையில் ஒன்பது நாள்.

"ஒம்பது நாள் லீவு எடுத்தால் வேலை போயிடும்," என்றார் அண்ணை. "பிடிச்சால் எல்லாமே போயிடும். தம்பி, நானும் வாறன். எதை எடுக்கிறாங்கள் எண்டு பாப்பம்."

வியாழன் மாலை மண்டபம் மஞ்சள் வெளிச்சத்திலும் மெழுகு வாசனையிலும் மிதந்துகொண்டிருந்தது. திரைச்சீலைக்குத் துணி தெரிவுசெய்வதுபோல உறுப்பினர்கள் மெதுவாகக் கதைத்தார்கள். என் ஊரில் காக்கிச் சட்டை தெரு முனையில் தெரிந்தாலே கதவு சாத்துவோம். இங்கே மேசையில் மூன்று கோவைகள், பக்கத்தில் கோப்பி. கோப்பித் தட்டுடன் சுவரோரம் நின்ற எனக்கு இது வேறு யாரோ காணும் கனவு போலிருந்தது.

அப்போது, தங்கள் தரப்பை விளக்க அழைக்கப்பட்டிருந்த ஜொந்தார்ம் அதிகாரி சீருடையில் உள்ளே வந்தார். பார்வையாளர் வரிசையில் அண்ணை எழும்பி, கழுத்து மப்ளரை இழுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். நிற்கவேண்டும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். கால்கள் நின்றன. மற்ற எல்லோரும் கதிரையிலேயே இருந்தார்கள்.

பேச விரும்புகிறார் என்று நினைத்த மேயர், பார்வையாளர் பேசுவதற்கான விதிப்படி கூட்டத்தை இரண்டு நிமிடம் நிறுத்தி, "சொல்லுங்கள், மிசியே," என்றார்.

"தம்பி, என்ன கேக்கிறார்?"

"ஏதோ சொல்லப்போறியளாம்."

அண்ணை அதிகாரியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். கதவு அதிகாரிக்குப் பின்னால் இருந்தது. பிறகு உணவகக் குசினியில் பழகிய பிரெஞ்சில் சொன்னார்: "கிழவர் நல்லவர். எல்லாரையும் தெரியும். சைக்கிளுக்குப் பிரேக்தான் இல்லை. அவரைக் கேட்டீங்களா?"

சிரிப்பு எழுந்தது. மூலையில் தொப்பியை மடியில் வைத்திருந்த அந்த வயதான காவலரும் சிரித்தார். பிறகு ஒரு பெண் உறுப்பினர் கோவைகளைப் புரட்டி, உண்மையில் அவரிடம் ஓர் அறிக்கையும் கேட்கப்படவில்லையே என்றார். சிறிது நேரம் வாதாடினார்கள். அவர் அறிக்கை தரும்வரை வாக்கெடுப்பைத் தை மாதக் கடைசிக்குத் தள்ளிவைத்தார்கள். அண்ணை இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

பின்னர் கூட்டக் குறிப்பைத் தேடி வாசித்தேன். "கூட்டம் இடைநிறுத்தப்பட்டது, மீண்டும் தொடங்கியது" என்று மட்டும் இருந்தது. அண்ணை சொன்னது என் நாட்குறிப்பில்தான் இருக்கிறது.

தையில் அவருக்கு மூன்று மாதக் கடதாசி கிடைத்தது. மாதக் கடைசியில் சபை ஜொந்தார்மையே தெரிவுசெய்தது. அவர்கள் நிலையத்துக்கு வந்த முதல் காலை நாங்கள் ஒன்றாகத்தான் இறங்கினோம். அண்ணை நேராகப் போய், கேட்காமலே கடதாசியை நீட்டினார். இளம் ஜொந்தார்ம் அதை இரு பக்கமும் பார்த்துத் திருப்பிக் கொடுத்து, காலை வணக்கம் சொன்னார்.

"ஏன் அண்ணை, அவர் கேக்கவே இல்லையே?"

"கேக்கும்வரைக்கும் நெஞ்சு பொறுக்காது, தம்பி," என்றார். கடதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்து, மேலால் கையை அழுத்தியபடி பனிப்புகாருக்குள் வேலைக்குப் போனார்.